வலி இல்லாத தோளையும் ஏன் அளக்க வேண்டும்?

தோள்பட்டை வலி என்று வருகிறவரிடம் பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்பது, "கையைத் தூக்குங்க பார்க்கலாம்." எவ்வளவு தூரம் போகிறது, எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறது என்று பார்த்து, ஒரு அளவை டிகிரியில் எழுதிக்கொள்வார். சரி, அந்த அளவை எதோடு ஒப்பிடுவது? வந்தவர் 21 வயது வாலிபால் வீரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிபடுவதற்கு முன்னால் அவர் கை எவ்வளவு தூரம் போனது என்று யாரும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள். அவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் பொதுவாகப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியதுதான்.

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தோளை நம்பியே நாளை ஓட்டும் இளைஞர்கள் நிறைய. சாயங்காலம் ஊர் மைதானத்தில் வாலிபால் வலை கட்டுகிறவர்கள், காவலர் தேர்வுக்குக் கயிறு ஏறிப் பழகுகிறவர்கள், அக்னிவீர் தேர்வுக்கு பீமில் தொங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாலக்கோட்டில் தக்காளி கிரேட்டைத் தூக்கி லாரியில் அடுக்குகிற பையன்கள், மாங்காய் சீசனில் தொரட்டிக் கம்பை அண்ணாந்து பிடித்தபடி தோப்பில் நிற்கிறவர்கள், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானோருக்கு இன்று தோளில் ஒரு குறையும் இல்லை. அளக்க வேண்டிய நேரம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நன்றாக இருக்கும் தோளின் அளவு ஒரு நோட்டில் இருந்தால், பின்னால் ஏதாவது நேரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய சொந்த எண்ணே இருக்கும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எதை அளக்கிறோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். தோள் விஷயத்தில் அந்தத் தெளிவு கொஞ்சம் மெனக்கெட்டால்தான் வரும்.

தோள் அசையும்போது என்ன நடக்கிறது

நாம் தோள் என்று சொல்லும் இடத்தில் ஒரு மூட்டு மட்டும் இல்லை. மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோள்பட்டை எலும்பின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. இதுதான் முக்கியமான தோள்மூட்டு. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவோமே, ஏறத்தாழ அந்த அமைப்பு. பழம் பெரியது, கரண்டியின் குழி ஆழமில்லாதது. அதனால்தான் உடம்பில் வேறெந்த மூட்டுக்கும் இல்லாத சுதந்திரம் தோளுக்கு இருக்கிறது. அதனாலேயே மற்ற மூட்டுகளைவிட எளிதாக இறங்கியும் விடுகிறது.

இது போக, காறை எலும்பு தோள்பட்டை எலும்போடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு, அதே காறை எலும்பின் மறுமுனை மார்பெலும்போடு சேரும் இடத்தில் இன்னொரு மூட்டு. நான்காவதாக, தோள்பட்டை எலும்பு முதுகுப்பக்கத்து விலா எலும்புகளின் மேல் வழுக்கி நகரும் இடம். அங்கே எலும்போடு எலும்பு சேரும் மூட்டு கிடையாது, தசைகளின் மேல்தான் நகர்கிறது. ஆனாலும் அசைவில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

எவ்வளவு பெரிய பங்கு என்று 1944-இல் அமெரிக்காவில் வெர்ன் இன்மன் குழுவினர் விளக்கினார்கள். கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்கும்போது, மூட்டில் இரண்டு டிகிரி நகர்ந்தால் தோள்பட்டை எலும்பு ஒரு டிகிரி திரும்புகிறது. அதாவது 180 டிகிரியில் சுமார் 120 டிகிரிதான் உருண்டைத் தலையும் குழியும் சேர்ந்து செய்வது. மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு மேல்நோக்கித் திரும்புவதால் வருகிறது. இந்த இரண்டுக்கு ஒன்று என்பது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள், தூக்கும் உயரத்துக்கு உயரம் கொஞ்சம் மாறும். முதல் 30 டிகிரி வரை தோள்பட்டை எலும்பு அவ்வளவாக நகர்வதே இல்லை.

உங்கள் நண்பரை உங்களுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் உங்கள் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள். கை போகப் போக அந்த முனை வெளிப்பக்கமாக, அக்குளை நோக்கி நகர்வது விரலுக்கே தெரியும். அதன்பின் கோணமானியை எடுத்தால், அது காட்டும் எண் பல இடங்களின் அசைவு சேர்ந்த கூட்டுத்தொகை என்பது மறக்காது.

இன்னொன்றையும் இப்போதே செய்து பாருங்கள். கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையை உட்புறமாக முறுக்கி, அப்படியே பக்கவாட்டில் தூக்குங்கள். தோள் உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு தடை வரும். இப்போது உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி திருப்பிவிட்டுத் தூக்குங்கள். கை சுலபமாக மேலே போய்விடும். மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் ஒரு புடைப்பு இருக்கிறது. கை வெளிப்புறமாகச் சுழன்றால்தான் அந்தப் புடைப்பு தோள்பட்டை எலும்பின் கூரைபோன்ற நுனிக்கு அடியில் இடிக்காமல் பின்னால் ஒதுங்கும். "பக்கவாட்டில் தூக்கினார், 95 டிகிரி" என்று மட்டும் எழுதி வைத்தால் அது எதற்கும் உதவாது என்பதற்கு இதுவே போதும். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தது என்று சேர்த்து எழுதினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

ஐந்து அசைவுகள்

பொதுவாக அளப்பவை ஐந்து. கையை முன்பக்கமாக மேலே தூக்குவது, பின்பக்கமாகக் கொண்டு போவது, பக்கவாட்டில் தூக்குவது, உட்புறம் சுழற்றுவது, வெளிப்புறம் சுழற்றுவது. நேராக நின்று கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டால் தூக்கும் அசைவுகளுக்கு அதுதான் சுழியம். அங்கிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எண்ணுகிறோம்.

அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் 1965-இல் வெளியிட்ட அளவுகளைத்தான் இன்றும் பல பாடப்புத்தகங்கள் எடுத்துக்காட்டுகின்றன. முன்பக்கம் 180, பின்பக்கம் 60, பக்கவாட்டில் 180, உட்சுழற்சி 70, வெளிச்சுழற்சி 90. படிக்கிற மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். அதனால் 180 வராத தோள் என்றாலே ஏதோ குறை என்ற எண்ணம் பலருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. "அண்ணா, எனக்கு 165 தான் வருது, ஏதாவது பிரச்சினையா?" என்று நல்ல திடமான பையன்கள் கவலையோடு கேட்கிறார்கள்.

கவலைப்பட ஒன்றுமில்லை. 1979-இல் டொனா பூன், ஸ்டான்லி ஏசன் என்ற இருவர் ஆரோக்கியமான 109 ஆண்களின் மூட்டுகளை அளந்து வெளியிட்டார்கள். அதில் வயதுக்கு வந்த ஆண்கள் கையை முன்பக்கமாகத் தூக்கியதன் சராசரி 165 டிகிரிதான். நோய் எதுவும் இல்லாதவர்களின் சராசரியே அதுதான். வெளிச்சுழற்சியோ 90-ஐத் தாண்டி 100-ஐ ஒட்டி இருந்தது. ஆக, புத்தகத்து எண்ணுக்கு மேலும் கீழும் நல்ல தோள்கள் இருக்கின்றன. பொதுவாகப் பெண்களுக்கு ஆண்களைவிடச் சில டிகிரி கூடுதலாக வரும். வயது ஏற ஏறக் குறையும். இயல்பிலேயே மூட்டுகள் தளர்வானவர்களும் உண்டு. கட்டைவிரலை முன்கையில் படும்வரை மடக்குவார்கள், முழங்கை பின்பக்கம் வளையும். அவர்களுக்கு எல்லா அளவும் தாராளமாகவே இருக்கும்.

இளைஞர்களின் தோளை எந்தப் பொது எண்ணோடும் முதலில் ஒப்பிட வேண்டாம் என்பேன். முதல் ஒப்பீடு அவருடைய மறு கையோடு. அடுத்தது, அதே கையின் பழைய அளவோடு. பொது எண் மூன்றாவதாக வந்தால் போதும்.

கோணமானியும் செல்போனும்

பிசியோதெரபி நிலையங்களில் இருக்கும் கருவியின் பெயர் கோனியோமீட்டர். பள்ளியில் பார்த்த பாகைமானிதான், அதில் இரண்டு நீண்ட கைகள் பொருத்தியிருக்கும். ஒன்று அசையாமல் நிற்பது, மற்றது அசைவைப் பின்தொடர்வது. கையை முன்பக்கமாகத் தூக்குவதை அளக்க, கருவியின் மையத்தைத் தோளின் பக்கவாட்டு நுனிக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். நிலையான கை அக்குளிலிருந்து இடுப்பு நோக்கி இறங்கும் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். நகரும் கை, மேற்கையின் வெளிப்புற நடுக்கோட்டில், முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையைக் குறிபார்க்க வேண்டும். சொல்லும்போது சுலபம். தசை திரண்ட ஒரு தோளில் அந்த மையத்தை இரண்டு முறை ஒரே இடத்தில் வைப்பதற்குப் பழக்கம் வேண்டும். எலும்பு முனைகளை விரலால் தடவிக் கண்டுபிடித்து, பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு அளப்பது நல்ல வழக்கம்.

கோனியோமீட்டர் இல்லாதவர்களுக்குச் செல்போன் போதும். சாய்வைக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. போனுக்குள் இருக்கும் உணரி புவியீர்ப்பை வைத்துச் சாய்வைக் கண்டுபிடிக்கிறது. அதனால் நிலையான கை என்ற ஒன்றே தேவையில்லை, செங்குத்துக் கோடு எங்கே என்று போனுக்கே தெரியும். ஆனால் ஒன்று. அசைவு மேலும் கீழுமாக நடந்தால்தான் போன் அதைப் பிடிக்கும். ஆளைப் படுக்கவைத்துவிட்டுக் கையைத் தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்த்தினால், சாய்வு எங்கும் மாறாது, போன் சுழியத்திலேயே நிற்கும். ஆகவே பக்கவாட்டில் தூக்குவதைப் போனால் அளக்க வேண்டுமென்றால் உட்கார்ந்தோ நின்றோதான் அளக்க வேண்டும்.

உடம்பு காட்டும் சமாளிப்பு

அளவு தவறாக வருவதற்குக் கருவியைவிட உடம்பே பெரிய காரணம். கையை இன்னும் மேலே தூக்கு என்றதும் உடம்பு எப்படியாவது தூக்கிக் காட்டப் பார்க்கும். தோள் நின்ற இடத்திலிருந்து முதுகு வளைந்து கொடுக்கும், விலா முன்னால் தள்ளும், பக்கவாட்டில் தூக்கினால் இடுப்பு மறுபக்கம் சாயும். பார்ப்பவர் கண்ணுக்குக் கை மேலே போய்விட்டது. மூட்டோ முன்பிருந்த இடத்திலேயே இருக்கும்.

இதை முழுதாகத் தடுக்க முடியாது, வெகுவாகக் குறைக்கலாம். முன்பக்கம் தூக்குவதை அளக்கும்போது மல்லாந்து படுக்கவைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். அப்போது கீழ்முதுகு தரையோடு பதியும். கை தலைக்கு மேல் போகும்போது கீழ்முதுகு தரையைவிட்டு எழும்பத் தொடங்கினால் அந்த இடத்தோடு நிறுத்தி எண்ணை எழுதுங்கள். பீம் அடிக்கிற பையன்களை இப்படிப் படுக்கவைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். நின்றுகொண்டு தூக்கும்போது காதை ஒட்டிப் போகிற கை, படுத்து முழங்காலை மடக்கியதும் தரையைத் தொடாமல் நின்றுவிடும். முதுகின் இரண்டு பக்கமும் விரிந்து மேற்கை எலும்பில் போய் முடிகிற பெரிய தசை இறுகியிருப்பது இதற்கு அடிக்கடி காரணமாக இருக்கும். பீமில் உடம்பை மேலே இழுப்பது பெரும்பாலும் அந்தத் தசைதான்.

உட்காரும் விதமும் அளவை மாற்றும். கூன் போட்டு உட்கார்ந்து கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தூக்குங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கூனும்போது தோள்பட்டை எலும்பு முன்னால் சரிந்துவிடுவதால் அது மேல்நோக்கித் திரும்ப முடிவதில்லை. ஓசூரில் ஷிப்ட் முழுக்கக் குனிந்தே வேலை பார்த்துவிட்டு வரும் ஒருவரை, வந்த கையோடு உட்காரவைத்து அளந்தால் வருகிற எண் அவருடைய தோளை மட்டும் காட்டாது, முதுகையும் சேர்த்தே காட்டும்.

வெதுவெதுப்பான உடம்பும் குளிர்ந்த உடம்பும் ஒன்றல்ல. மார்கழிக் காலையில் ஓசூர், தளிப் பக்கம் எழுந்தவுடன் அளக்கும் தோளும், பத்து நிமிடம் ஓடிவிட்டு வந்து அளக்கும் தோளும் வேறு வேறு எண் தரும். எது சரி என்று கேட்டால், இரண்டும் சரிதான். எப்போதும் ஒரே நிலையில் அளக்க வேண்டும், அவ்வளவே. நான் பரிந்துரைப்பது, விளையாட்டுக்கு முன், லேசாகக் கை கால் அசைத்த பிறகு. கடுமையாக ஆடி முடித்த உடனேயோ, மறுநாள் தசை வலிக்கும்போதோ வேண்டாம்.

தானாகத் தூக்குவதா, பிறர் தூக்கிவிடுவதா என்பதும் முக்கியம். அவரே தன் பலத்தில் தூக்குவது ஒரு அளவு. அவர் தளர்வாக விட்டுவிட, அடுத்தவர் கையைப் பிடித்துக் கடைசிவரை கொண்டு போவது இன்னொரு அளவு. ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டாவது அளவு முதல் அளவைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால், மூட்டில் இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தசைக்குத் திறன் போதவில்லை, அல்லது வலி தடுக்கிறது என்று பொருள். இரண்டுமே ஒரே இடத்தில் முட்டி நின்றால், மூட்டும் அதைச் சுற்றிய சவ்வுமே இறுகியிருக்கலாம். நோட்டில் எந்த முறை என்று எழுதாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கும்போது எதையும் சொல்ல முடியாது.

சுழற்சி அளவுதான் முக்கியம்

எறிகிற, அடிக்கிற, சர்வீஸ் போடுகிற தோளைப் பற்றி அதிகம் சொல்வது உட்சுழற்சியும் வெளிச்சுழற்சியும்தான். நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் அளக்கச் சொல்வேன். அளக்க இரண்டு பேர் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே அளந்துவிடலாம்.

அளக்கப்படுகிறவர் மல்லாந்து படுக்கட்டும். கை பக்கவாட்டில் 90 டிகிரி விரிந்திருக்க வேண்டும், முழங்கை 90 டிகிரி மடங்கி, விரல்கள் கூரையைப் பார்க்க வேண்டும். மேற்கைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, முழங்கை தோளின் உயரத்துக்கு வரும்படி செய்யுங்கள். துண்டு இல்லாவிட்டால் முழங்கை கீழே சரிந்து, தோளின் முன்பக்கம் தேவையில்லாமல் இழுபடும். முன்கை செங்குத்தாக நிற்கும் நிலைதான் சுழியம். போனை முன்கையின் மேல், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, சுழியம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்கை தலைப்பக்கம் சாய்ந்தால் வெளிச்சுழற்சி. கால்பக்கம் சாய்ந்தால் உட்சுழற்சி. வெளிச்சுழற்சியில் பெரிய சிக்கல் இல்லை, முதுகு வளையாமல் பார்த்துக்கொண்டால் போதும். உட்சுழற்சியில்தான் ஆளுக்கு ஆள் எண் மாறிப்போகும். முன்கை கால்பக்கம் இறங்க இறங்க, ஒரு கட்டத்தில் மூட்டில் சுழற்சி முடிந்துவிடும். அதற்குப் பிறகும் கை இறங்கும். எப்படி என்றால், தோள்பட்டை எலும்பே முன்னால் உருண்டு கொடுக்கும். தோளின் முன்பக்கம் தரையைவிட்டுக் கூரையை நோக்கி எழும்புவதைப் பார்க்கலாம். இதைக் கவனிக்காமல் அளந்தால் இருபது முப்பது டிகிரிகூட கூடுதலாகக் காட்டிவிடும்.

அதனால் இரண்டாம் ஆள் தேவை. அவர் உள்ளங்கையைத் தோளின் முன்பக்கம் மென்மையாக வைத்து, கட்டைவிரலைக் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் சின்ன எலும்பு முனையின் மேலும், மற்ற விரல்களைப் பின்னால் தோள்பட்டை எலும்பின் மேட்டின் மேலும் வைத்துக்கொள்ளட்டும். அழுத்திப் பிடித்து நசுக்கக் கூடாது. எலும்பு நகரத் தொடங்குவதை உணர்வதற்காகத்தான் அந்தக் கை. கட்டைவிரலுக்கு அடியில் எலும்பு மேலே வரப் பார்க்கும் கணத்தில் "நில்லு" என்று சொல்ல, போனில் இருக்கும் எண்ணைப் படித்து எழுதுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். முதலில் வந்த எண்ணை அளக்கப்படுகிறவருக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த முறை அதைத் தாண்ட முயல்வார். இளைஞர்களிடம் இது கட்டாயம் நடக்கும்.

இரண்டு கைகளையும் இப்படி அளந்தால், வாலிபால் ஆடுகிறவர்களிடமும் சின்ன வயதிலிருந்து பந்து வீசுகிறவர்களிடமும் ஒரு வடிவம் திரும்பத் திரும்பத் தெரியும். அடிக்கிற கையில் வெளிச்சுழற்சி அதிகம், உட்சுழற்சி குறைவு. வலக்கைக்காரர் ஒருவருக்கு வலக்கையில் வெளிச்சுழற்சி 105, உட்சுழற்சி 55 என்றும், இடக்கையில் 95, 65 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். உட்சுழற்சி 10 டிகிரி குறைந்துவிட்டதே என்று உடனே இழுத்துப் பயிற்சி கொடுக்க ஓட வேண்டாம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வலக்கை 160, இடக்கையும் 160. மொத்த வீச்சு அப்படியே இருக்கிறது, பின்பக்கமாக நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் எலும்பு. பிறக்கும்போது மேற்கை எலும்பின் தலை பின்பக்கமாகக் கூடுதலாகத் திரும்பியிருக்கும். வளர வளர அந்தத் திருப்பம் குறையும். சின்ன வயதிலிருந்தே வேகமாக எறிகிற கையில் அது முழுதாகக் குறையாமல் நின்றுவிடுகிறது. அப்படி அமைந்த எலும்பு, வெளிப்பக்கம் அதிகம் சுழலும், உட்பக்கம் குறைவாகச் சுழலும். வளர்ந்த எலும்பை எந்தப் பயிற்சியாலும் திருப்ப முடியாது, திருப்பவும் தேவையில்லை. அந்தக் கை தன் வேலைக்கு ஏற்றபடி வளர்ந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது வேறு மாதிரி. உட்சுழற்சி மறு கையைவிட 18, 20 டிகிரிக்கு மேல் குறைந்து, கூடவே மொத்த வீச்சும் 5 டிகிரிக்கு மேல் குறைந்திருந்தால், அங்கே பின்பக்கச் சவ்வோ தசையோ இறுகியிருக்கலாம் என்று விளையாட்டு மருத்துவத்தில் சந்தேகிப்பார்கள். மேலே சொன்ன வீரருக்கே அடுத்த வருடம் வலக்கையில் வெளிச்சுழற்சி 103, உட்சுழற்சி 40 என்று வந்தால், மொத்தம் 143. அவர் வலி இல்லை என்று சொன்னாலும், ஒரு பிசியோதெரபிஸ்ட் அவரைப் பார்ப்பது நல்லது. முதல் வருட அளவு நோட்டில் இருந்ததால்தான் இது தெரிகிறது. இருந்திருக்காவிட்டால் இந்தக் கையை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதுகைத் தொட்டுப் பார்க்கும் முறை

கருவியே இல்லாமல், ஒரு கையைக் கழுத்துக்கு மேலிருந்தும் மறு கையை இடுப்புப் பக்கமிருந்தும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய் விரல்கள் தொடுகின்றனவா என்று பார்ப்பது பலருக்கும் தெரிந்த சோதனை. உடற்கல்வி ஆசிரியர்கள் நடுவிரல்களுக்கு இடையிலான தூரத்தை டேப்பால் அளப்பார்கள். முழு வகுப்பையும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் இதில் முழங்கையும் மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் முதுகும் சேர்ந்தே வேலை செய்கின்றன. கை நீளமானவருக்குச் சுலபமாக எட்டும், மார்பும் தோளும் திரண்டவருக்குத் தசையே குறுக்கே வரும். எட்டவில்லை என்பதை வைத்துத் தோள் இறுகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. ஒரே ஆளை வருடாவருடம் ஒப்பிட இது பரவாயில்லை.

எத்தனை டிகிரி மாறினால் மாற்றம்?

ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே முறையில் அளந்தாலும் 5 டிகிரி வரை முன்பின் வருவது சகஜம். போன மாதம் 62, இந்த மாதம் 59 என்றால் எதுவும் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் மாறினால் வித்தியாசம் இன்னும் பெருகும். ஆகவே ஒரு அணியில் ஒருவரே எல்லோரையும் அளப்பதும், அவரே அடுத்த முறையும் அளப்பதும் நல்லது. அவர் அளக்கத் தொடங்குமுன் சில பேரை ஒரு நாள் அளந்து, பழைய எண்ணைப் பார்க்காமல் இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து பார்க்கட்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று தெரிந்துவிட்டால், எத்தனை டிகிரிக்கு மேல் மாறினால் நிஜமான மாற்றம் என்று அவருக்கே பிடிபடும். தசமப் புள்ளி வரை காட்டும் செயலிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். 58.7 என்று போன் காட்டினாலும், அதைப் பிடித்திருக்கும் கைக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. 59 என்று எழுதுங்கள், போதும்.

நோட்டில் எண்ணோடு சேர்த்து எழுத வேண்டியவை: தேதி, நேரம், எந்தக் கையால் ஆடுகிறார், படுத்தா உட்கார்ந்தா, தானாகவா பிறர் உதவியோடா, தோள்பட்டை எலும்பைப் பிடித்திருந்தார்களா, உடம்பு சூடேற்றிய பிறகா, வலி எங்காவது தெரிந்ததா. இதில் ஒன்று விடுபட்டாலும் அடுத்த வருட எண்ணை அதோடு வைத்துப் பார்ப்பது கடினம். வருடத்துக்கு இரண்டு முறை போதும். சீசன் தொடங்குமுன் ஒன்று, முடிந்தபின் ஒன்று. மாங்காய்ப் பறிப்புக்குப் போகிறவர்கள் சித்திரை வருமுன் ஒருமுறையும், ஆடியில் ஒருமுறையும் அளந்தால் அந்த மூன்று மாத உழைப்பு தோளில் என்ன செய்தது என்பது தெரியவரும். இங்குள்ள உழைக்கும் தோள்களைப் பற்றி அப்படி ஒரு பதிவு சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை.

யாரை அளக்கக் கூடாது

ஒருமுறையாவது தோள் இறங்கியவரை, நண்பர்கள் சேர்ந்துகொண்டு மேலே சொன்ன முறையில் வெளிச்சுழற்சி அளக்கவே கூடாது. கபடியில் கையைப் பிடித்து இழுக்கும்போதோ, விழுந்து கையூன்றும்போதோ இறங்கிய தோள் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் இறங்கியிருக்கும். கையை 90 டிகிரி விரித்து வெளிப்பக்கம் சுழற்றுவது, அதே தோள் மறுபடி இறங்குவதற்கு மிக வாகான நிலை. அப்படிப்பட்டவர் கையை அந்தப் பக்கம் கொண்டு போகும்போதே முகத்தில் ஒரு பயம் வரும், தசையை இறுக்கிக்கொள்வார். உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த அளவை எடுப்பது பிசியோதெரபிஸ்டின் அல்லது எலும்பு மருத்துவரின் வேலை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே காட்டலாம்.

அதேபோல, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் தோள்வலி, கையில் மதமதப்பு, விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாத நிலை, தோளின் வடிவமே மாறித் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் போனையும் கோணமானியையும் ஓரம் வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பழைய நோட்டையும் எடுத்துப் போங்கள்.